பழைய காரில் ஆயில் ஒழுகுகிறதா, தண்ணீர் குறைகிறதா? கேஸ்கெட் கசிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். நான் மெக்கானிக் இல்லை. ஒழுகும் என்ஜினுக்குக் கீழே பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன், ஒருமுறை தவறான கண்டுபிடிப்புக்குப் பெரிய விலையும் கொடுத்தவன், அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருக்கும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 800, ஆம்னி பற்றியவை. அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கேஸ்கெட், பேக்கிங், ஆயில் சீல் எல்லாம் ஒன்றுதானா?

கேஸ்கெட்டும் பேக்கிங்கும் ஒன்றுதான்; கடையில் எப்படிக் கேட்டாலும் கிடைக்கும். அசையாத இரண்டு உலோகப் பகுதிகளுக்கு நடுவே இடைவெளியை அடைப்பது அது. கார்க், ரப்பர், காகித அட்டை, தகடு என இடத்துக்கு ஏற்ப மாறும். ஆயில் சீல் வேறு. சுழலும் தண்டைச் சுற்றி உதடுபோலக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம் அது. போல்ட்டை இறுக்கினால் சில நேரம் பேக்கிங் கசிவு நிற்கும். சீல் கசிவுக்கு இறுக்க எதுவுமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ‘லேசாக டைட் வைத்தால் போதும்’ என்று யாராவது சொன்னால், எதை என்று கேளுங்கள்.

காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கறை. அது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவில் என்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். முன்சக்கரங்கள் எங்கே நின்றன என்று அதில் கோடு போட்டுக்கொண்டால், கறை விழுந்த இடம் என்ஜினின் எந்தப் பக்கத்துக்கு நேர் கீழே வருகிறது என்று மறுநாள் தெரியும்.

பிறகு விரலும் மூக்கும். பழுப்பு அல்லது கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை அல்லது சிவப்பு நிறத்தில், இனிப்பு வாசனையோடு, காய்ந்தால் பிசுபிசுத்தால் கூலண்ட். (கூலண்டை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும். தரையில் கண்டால் கழுவிவிடுங்கள்.) மெல்லிய வெளிர்மஞ்சள் திரவம் சக்கரத்துக்கு அருகில் அல்லது பெடலுக்கு நேர் கீழே இருந்தால் அது பிரேக் ஆயில். அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம். ஏ.சி. ஓடிய வண்டியின் கீழ் வெறும் தண்ணீர் சொட்டினால் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போகலாம்.

கீழே சேம்பர் (என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) முழுக்க ஆயில். ‘சேம்பர் பேக்கிங் போய்விட்டது’ என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, ஆயில்தான் ஏமாற்றுகிறது. கசிவு தொடங்குவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். மேலே டாப்பட் கவரில் (என்ஜின் உச்சியில் உள்ள மூடி) கசிந்த ஆயில் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் உடற்பகுதி) சுவரில் வழிந்து, சேம்பர் விளிம்பில் தங்கி, அதன் மிகத் தாழ்ந்த போல்ட்டிலிருந்து சொட்டும். ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும். கூரை ஓட்டில் ஓட்டை ஓரிடத்திலும் ஒழுக்கு வேறிடத்திலும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆகவே முதல் வேலை கழுவுவது. என்ஜின் ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்நேட்டர், கார்புரேட்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு, டீகிரீசரும் பிரஷ்ஷும் கொண்டு பழைய அழுக்கை எல்லாம் எடுங்கள். உலரவிட்டு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது? சந்தேகம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணிய கசிவாக இருந்தால் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சந்தேகப்பட்ட இடத்தில் தூவிவிட்டுப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுங்கள். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். ஓடும் பெல்ட்டுகளுக்கு அருகில் மட்டும் தூவாதீர்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்க்கும் முறையும் உண்டு. ஆயிலே கறுத்துக் கிடக்கும் பழைய வண்டியில் பவுடரே எனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

800 வண்டியில் நான் மேலிருந்து கீழாகப் பார்க்கும் வரிசை இது: டாப்பட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் சேரும் இடத்து வளையம், கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முன் சீல், கடைசியாகத்தான் சேம்பர். பிரஷர் சுவிட்சை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதன் உள்ளே கிழிந்துவிட்டால் வயர் செருகும் இடம் வழியாகவே ஆயில் வரும். வயரைக் கழற்றி அதன் முனை நனைந்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

ஓர் இடத்தில் மாற்றினால் அடுத்த மாதம் இன்னோர் இடத்தில் ஒழுகுகிறது. இதற்கு முடிவே இல்லையா?

பேக்கிங்கை விட்டுவிட்டு என்ஜின் மூச்சுவிடுகிறதா என்று பாருங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு எரிந்த வாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறத்தான் டாப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கோ இன்டேக்குக்கோ (காற்று என்ஜினுக்குள் போகும் வழி) ஒரு பிரீதர் குழாய் போகிறது. சில வண்டிகளில் அதற்கென்றே பி.சி.வி. என்ற வால்வும் இருக்கும். அந்தக் குழாய் பசையால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எந்த வாய் இளைத்ததோ அந்த வாய் வழியாக வெளியே தள்ளும். ஒன்றை அடைத்தால் அடுத்தது.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளிழுத்தாலோ சும்மா நடுங்கினாலோ நல்லது. குடைபோல மேலே எழும்பி, வாயிலிருந்து புகையும் குபுகுபுவென்று வந்தால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்த பிறகும் அப்படியே என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்தப் பேக்கிங்கும் மருந்தாகாது.

ஒரு சொட்டு, இரண்டு சொட்டுதானே? அப்படியே ஓட்டினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 72 மில்லி, இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர். சின்ன என்ஜினுக்கு ஒரு லிட்டர் குறைவது விளையாட்டல்ல. ஆனால் நிறுத்தியிருக்கும்போது இரவுக்கு இரண்டு மூன்று சொட்டு மட்டும்தான் என்றால், வாரம் ஒருமுறை ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் கட்சி.

மூன்று இடங்களில் மட்டும் ஒரு சொட்டைக்கூடப் பொறுக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) மேல் விழும் சொட்டு, ஏனென்றால் தீ. டைமிங் பெல்ட் மூடிக்குள் கசிவது, ஏனென்றால் ஆயில் பட்ட பெல்ட் ஊறி அறுந்துபோகும். கிளட்ச் பக்கம் கசிவது.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம். செலவு அதிகம் என்கிறார்களே?

கிராங்கின் பின் சீலாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் மலிவு, கூலிதான் பெரிது. அதனாலேயே உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். மேலே டாப்பட் கவரின் பின்மூலையில் கசிந்து வழிந்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். கழுவிப் பார்க்கும் முறையே இங்கும். கியர்பாக்ஸின் முன் சீல் போனாலும் அங்கேதான் சொட்டும். கந்தக நெடி இருந்தால் அது. இறக்கியபின் இரண்டு சீலையும், தேய்ந்திருந்தால் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

அம்பாசிடர்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1489 சி.சி. பழைய பெட்ரோல் என்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதன் கிராங்கின் பின்முனையில் இன்றைய பாணி ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான் ஏற்பாடு. என்ஜின் நின்றதும் அந்தத் தள்ளலும் நின்றுவிடும். ஆகவே நிறுத்திய இடத்தில் நாலு சொட்டு வைப்பது அந்த வண்டியின் பிறவிக்குணம். ‘ஆயில் சொட்டவில்லை என்றால் ஆயில் இல்லை என்று பொருள்’ என்று பழைய டாக்ஸி ஓட்டுநர்கள் சொல்லும் வேடிக்கையில் உண்மையும் உண்டு.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதை எப்படி உறுதி செய்வது?

மற்ற எந்தப் பேக்கிங்கும் ஒரே ஒரு பொருளைத்தான் காக்கிறது. ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் மட்டும் எரியும் வாயு, ஆயில், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் அது எந்த இடத்தில் கிழிகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகமே மாறும்.

அழுத்தங்களை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முழு இழுவையில் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போல நாற்பது, ஐம்பது மடங்கு அழுத்தம் எழும். ரேடியேட்டர் தண்ணீரில் இருப்பதோ சுமார் 0.9 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). ஆகவே சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே கிழிந்தால், ஓடும்போது வாயு தண்ணீருக்குள் பாயும்: ரேடியேட்டரில் குமிழி, சீக்கிரமே கல்லாக இறுகும் மேல் ஹோஸ், நிரம்பி வழியும் ரிசர்வ் டப்பா. நிறுத்திய பிறகு சிலிண்டரில் அழுத்தம் இல்லை. சூடான தண்ணீர் உள்ளே கசியும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சிலிண்டர் சிறிது நேரம் தடுமாறி, வெண்புகை விட்டு, பிறகு சரியாவது அதனால்தான்.

இரண்டு சிலிண்டருக்கு நடுவே உள்ள மெல்லிய பாலத்தில் எரிந்துபோனால் தண்ணீரும் குறையாது, ஆயிலும் கெடாது. வண்டி மட்டும் இழுக்காது, ஐடிலில் குலுங்கும். இதைப் பிளக், கார்புரேட்டர் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆயில் பாதைக்கும் வெளிவிளிம்புக்கும் நடுவே கிழிந்தால் ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயில் வழியும். இது ஒன்றுதான் அவசரமில்லாத வகை.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர்போல வெள்ளையாக இருக்கிறது. ஹெட் கேஸ்கெட்தானே?

பெரும்பாலும் இல்லை. தினமும் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்வரும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு காண்பதே இல்லை. உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி வெளியேறாமல், மேலே குளிர்ந்திருக்கும் மூடியில் படிந்து ஆயிலோடு கடைந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என் வண்டியிலும் வரும். மூடியைத் துடைத்துவிட்டு, ஒருமுறை ஐம்பது அறுபது கிலோமீட்டர் வெளியூர் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். வராது.

ஆயில் ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், அளவும் ஏறியிருந்தால், அது வேறு கதை. அன்றைக்கு ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் சில நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். அளவு ஏறியிருக்கிறது, நிறம் மாறவில்லை, ஆனால் பெட்ரோல் நெடி அடிக்கிறது என்றால் கேஸ்கெட்டைக் குறை சொல்லாதீர்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சேம்பரில் இறங்குகிறது.

ரேடியேட்டரில் குமிழி வருவதைப் பார்த்தேன். முடிவு செய்துவிடலாமா?

எப்போது பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் மாற்றிய அன்று வரும் குமிழி உள்ளே தங்கிய காற்று. சில நிமிடத்தில் அடங்கிவிடும். முழுச் சூட்டில் வருவது கொதியாகவும் இருக்கலாம். குளிர்ந்த என்ஜினில்தான் இந்தச் சோதனை செல்லும். காலையில் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறிய பின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறப்பதற்கு முன்பே, தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, குமிழி சீராக விடாமல் வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயுதான்.

சூடான என்ஜினில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள். 0.9 பார் மூடிக்குக் கீழே தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய கணத்தில் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும்.

என் கதை இங்கேதான் வருகிறது. ஒரு சித்திரை மாதம், திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலையைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறியது. ரிசர்வ் டப்பா நிரம்பி வழிந்திருந்தது, ரேடியேட்டரில் தண்ணீர் பாதிதான். இழுத்துக்கொண்டு போன பட்டறையில் பார்த்தவுடன் ‘ஹெட் கேஸ்கெட்’ என்றார்கள். நானும் தலையாட்டினேன். மூன்று நாள் வேலை. வண்டி கைக்கு வந்த அடுத்த வாரமே அதே முள், அதே வழிசல். கடைசியில் குற்றவாளி ரேடியேட்டர் மூடி. ஸ்பிரிங் இளைத்துவிட்டதால் அழுத்தம் நிற்கவில்லை. தண்ணீர் சீக்கிரமே கொதித்து ரிசர்வுக்குப் போனது. நடுவில் இருக்கும் சின்ன வால்வின் ரப்பர் கிழிந்துவிட்டதால், ஆறும்போது அது திரும்பி வரவும் இல்லை. ஒரு மூடியை மாற்றியதோடு தீர்ந்தது. கழற்றிய பழைய ஹெட் கேஸ்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று வளையத்திலும் ஒரு தீக்கறைகூட இல்லை.

அன்றிலிருந்து ஒரு கொள்கை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகள் ஒரே விடையைச் சொல்லாமல் ஹெட்டைத் திறக்கச் சம்மதிப்பதில்லை.

சைலன்சரில் வெள்ளைப் புகை, தண்ணீரும் சொட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். குளிர்ந்த காலையில் சைலன்சர் சொட்டுவது இயல்பு. என்ஜின் சூடாகிக் கால் மணி நேரம் ஆன பின்னும் அடர்ந்த வெண்புகை, இனிப்பு வாசனை, கூடவே தண்ணீரும் குறைகிறது என்றால் சந்தேகப்படலாம். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் வெந்நீரில் கழுவியதுபோலப் பளிச்சென்றும் இருந்தால், தண்ணீர் குடிப்பது அந்தச் சிலிண்டர்தான். நீலப்புகை என்றால் அது ஆயில். வால்வு சீலோ ரிங்கோ.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில் எந்த எண்ணை எதிர்பார்க்கலாம்?

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று பிளக் துளையில் கேஜ் மாட்டி அளப்பதுதான் இது. என்ஜின் சூடாக, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. நல்ல நிலையில் உள்ள இந்த வகைப் பெட்ரோல் என்ஜின்கள் பெரும்பாலும் 150 முதல் 190 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் ஒற்றுமை. மூன்றும் 140 என்றால் என்ஜின் சீராக வயதாகியிருக்கிறது. 165, 95, 90 என்றால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்தே விழுவதுதான் அடையாளம்.

ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஆனால் சிறிய கிழிசல் இந்தச் சோதனையில் அகப்படாமல் தப்பிவிடும். கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது, ஆகவே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

வேறு என்ன சோதனை கேட்டு வாங்கலாம்?

இரண்டு. ஒன்று, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி விட்டுவிடுவது. இருபது நிமிடத்தில் முள் இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் தெரிந்தால் ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூடியின் பேக்கிங், ஹீட்டர் என்று பிடித்துவிடலாம். வெளியே எதுவுமில்லை, பிளக் துளையில் ஈரம் என்றால் உள்ளே. மூடியையும் அதே பம்பில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு குழாயில் உள்ள நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். அதில் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ரேடியேட்டரில் எரிந்த வாயுவுக்கு வேலையே இல்லை. நிறம் மாறினால் வழக்கு முடிந்தது, ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும். தண்ணீரே திரவத்துக்குள் ஏறிவிடாதபடி, ரேடியேட்டரில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் ஏன்தான் போகிறது?

வயதானால் தானாகவும் போகும். ஆனால் பெரும்பாலும் முதலில் சூடேறுகிறது, பிறகுதான் கேஸ்கெட் போகிறது. 800இல் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டை 100 டிகிரி சூடாக்கினால் அலுமினியம் சுமார் 0.7 மி.மீ. நீளும், இரும்பு சுமார் 0.35. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்த இழுபறியைத் தாங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வில்போல வளைந்து, நடுவில் பிடி தளரும்.

சூடேறுவதற்கு நம் ஊர்க் காரணங்கள் இரண்டு. கூலண்டுக்குப் பதில் வெறும் போர்த் தண்ணீர். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் மூடிக்கொள்கின்றன, அலுமினியமும் அரிக்கிறது. அடுத்தது, ‘நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். கெட்டுப்போய்த் திறக்க மறுத்தால் புதிதாக மாற்றுங்கள், எறியாதீர்கள். ரேடியேட்டர் விசிறி ஓடுகிறதா என்பதையும் நிறுத்தி வைத்த வண்டியில் முழுச் சூடு வரும்வரை காத்திருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைத் திறந்துவிட்டார்கள். நான் அருகில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பழைய கேஸ்கெட்டை வாங்கிப் பாருங்கள். எரிந்த இடம், வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை போகும் கறுப்புக் கோடு தெரிய வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் நோய் வேறெங்கோ இருக்கிறது. அப்போதாவது ஹெட்டில் விரிசல் உண்டா என்று லேத் பட்டறையில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்தது ஹெட்டின் முகம். நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பார்கள். இதுபோன்ற சிறிய என்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் ஃபேஸிங் போட வேண்டும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். ‘கண்ணால் பார்த்தேன், நேராக இருக்கிறது’ என்பதை ஏற்காதீர்கள். பிளாக்கின் முகத்தையும் அதேபோலப் பார்க்க வேண்டும்.

இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் ஏற்ற வேண்டும். அளவு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் அளவு பொய் சொல்லும். பழைய வகைக் கேஸ்கெட்டுகளில் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்வதும் உண்டு. டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றிருக்கிறது, புதியது போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய என்ஜின்களின் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் வயர் பிரஷ் போட்டுத் தூசி பறக்கவிடாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள்.

அனபாண்டை (கேஸ்கெட்டுக்குப் பூசும் பசை) நிறையப் பூசிவிட்டால் கசியவே கசியாதாமே?

வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து சேம்பரில் ஆயில் இழுக்கும் வலையை அடைக்கும். மெல்லிய கோடு போதும். ஹெட் கேஸ்கெட்டில் தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் எதையும் பூசக் கூடாது. டாப்பட் கவர், சேம்பர் போல்ட்டுகளை முழு பலத்தோடு இறுக்கி, தகட்டை வளைத்து, கார்க்கை நசுக்குவதால் வரும் கசிவுகள் ஏராளம். வளைந்த தகட்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டுப் புது பேக்கிங் போட்டாலே பாதி நின்றுவிடும்.

லீக் நிறுத்தும் மருந்து, ரேடியேட்டரில் மஞ்சள் தூள்?

காய்ந்து சுருங்கிய ரப்பர் சீலைச் சற்று ஊதவைக்கும் ஆயில் மருந்துகள் சில மாதம் தள்ளிப்போட உதவலாம். கிழிந்ததை அவை ஒட்டாது. மஞ்சள் தூள் நடுவழியில் ஊர் போய்ச் சேர்வதற்கான வித்தை. போட்டால் சேர்ந்த உடனே கழுவிவிட வேண்டும். ஓட்டையை அடைக்கும் அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

இன்டேக், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகள் கசிந்தால்?

இன்டேக் கசிந்தால் வெளியே எதுவும் சொட்டாது. காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்கும், சோக் இல்லாமல் நிற்காது. ஓடும்போது மேனிஃபோல்ட் இணைப்பில் தண்ணீரைப் பூவாகத் தெளித்துப் பாருங்கள். ஒலி மாறினால் அங்கேதான். பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ சூடான என்ஜினில் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

எக்ஸாஸ்ட் கசிந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று டாப்பட் சத்தம்போலக் கேட்டு, சூடானதும் குறையும். ஆம்னி வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. அதில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கசியும் புகை நேராக உள்ளே வரும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

பழைய 800 ஒன்றைப் பார்க்கப் போகிறேன். கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவரிடம் வண்டியைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லிவிட்டுக் காலையிலேயே போங்கள். பளபளவென்று கழுவிய என்ஜினைவிடக் காய்ந்த தூசி படிந்த என்ஜின் எனக்குப் பிடிக்கும். தூசி பொய் சொல்லாது. ஹெட் போல்ட்டுகளின் தலையில் புதுக் கீறல்கள் உண்டா, ஹெட் ஓரத்தில் புதிதாகப் பூசிய பசை தெரிகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரில் வெறும் துருத்தண்ணீர் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆயில் ஸ்டிக், ரேடியேட்டர் மூடி இரண்டையும் ஓட்டுவதற்கு முன்பும், ஓட்டி முடித்து முழுதாக ஆறவிட்ட பின்பும் பாருங்கள். ஆறும்வரை காத்திருக்க அவர் மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

உதிரிபாகம் கிடைக்கிறதா?

800க்கு இன்னும் கவலையில்லை. உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றாலும் சாலையில் ஏராளமான வண்டிகள் ஓடுகின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் முழு செட்டாகக் கேளுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் அங்கே ஹெட் வாங்கலாம், கேஸ்கெட் வாங்கக் கூடாது. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி நசுங்காது.

நெடுஞ்சாலையில் முள் ஏறிவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். ஏ.சி.யை நிறுத்தி, ஓரம் கட்டி, என்ஜினை அணையுங்கள். முன்மூடியைத் தூக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை ஈரத்துணியோடு பிடித்தால் நசுங்க வேண்டும். அதுவரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கும் என்ஜினில் கொட்டினால் அதுவரை நன்றாக இருந்த ஹெட்டும் விரிசல் விடும். ஆறிய பிறகு, என்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டரில் மறுபடி குறைந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.